நத்தையக்காவின் கையெழுத்து

பிள்ளை பெற்றவர்கள்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள். மூன்று வருடம் உட்கார்ந்து செய்த வீடியோ கேமுக்கு ஒரு பெயர் வைக்க முடியாமல் சின்னவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இளையவள் என்பதால் சின்னவள். நாற்பதைத் தொட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. ஒரு தையல் கடையின் மாடியில், இரண்டு மேசைகளையும் ஓயாமல் முனகும் ஒரு மின்விசிறியையும் வைத்துக்கொண்டு அவளும் கூடப் படித்த ஒல்லியும் நடத்திய கம்பெனி அது. கேமில் ஒரு பெண் பேருந்து ஓட்டுவாள். ஆட்களை ஏற்றி இறக்கி, நேரத்துக்குக் கடைசி நிறுத்தம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

வெள்ளிக்கிழமைக்குள் பெயரைச் சொல்லாவிட்டால், கேம் விற்கும் இணையக் கடையில் பிடித்து வைத்திருந்த தேதி கைநழுவிவிடும். அடுத்த தேதி ஏழு மாதம் கழித்துத்தான். அதுவரை தாக்குப்பிடிக்க இருவருக்கும் தெம்பில்லை.

திங்கள்கிழமை இருவரும் வக்கீலம்மா முன்னால் பரீட்சை முடிவுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பெயர்களையெல்லாம் அவர் வணிகப் பெயர்ப் பதிவேட்டில் தேடி முடித்திருந்தார்.

"'கடைசி நிறுத்தம்' போச்சு. அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு கேம் பதிவாகியிருக்கு."

"அது பேய் கேமாச்சே மேடம்! எங்களோடது பஸ்ஸு!" என்றான் ஒல்லி.

"பேயோ பஸ்ஸோ, ரெண்டும் கேம்தானே? அந்தப் பேர்ல சோப்பு வித்தா நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். ஒரே மாதிரி பொருளுக்கு ஒரே பேர் இருந்தா வாங்குறவங்க குழம்புவாங்க."

"'கடைசி நிறுத்தங்கள்'னு வச்சிட்டா?"

"காதுல கேட்டா ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

"அப்போ, வெறும் 'பேருந்து'?"

"அது ஊருக்கே சொந்தமான வார்த்தை. நாளைக்கு இன்னொருத்தன் அதே பேர்ல பஸ் கேம் போட்டா, நீங்க வாயைத் திறக்க முடியாது."

இப்படியே பதினொரு பெயர்களும் அடிபட்டன. ஒல்லியின் முகம் தொங்கிப் போயிற்று. வக்கீலம்மா தாளைத் திருப்பினார். "இந்த 'நத்தையக்கா' மட்டும் எங்கேயும் இல்லை. சுத்தமா இருக்கு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது பட்டியலில் இருந்த பெயரே இல்லை. அவர்கள் அனுப்பிய கோப்பின் தலையில் இருந்த பெயர். மூன்று வருடமாக கேமை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது சும்மா வச்சது மேடம். எங்க அக்காவோட பட்டப்பேர்," என்றாள் சின்னவள்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கேம்ல வர்ற டிரைவர் அவங்க மாதிரி இருக்குமா?"

கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, நீல பிளாஸ்க், புறப்படும் முன் பக்கக் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவது... மாதிரி என்ன மாதிரி, அச்சு அசல் அக்காதான். அக்கா நிஜமாகவே பேருந்து ஓட்டுகிறாள். அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் சின்னவளுக்கு இந்த ஆட்டமே தோன்றியது.

"அப்போ எழுத்துல சம்மதம் வேணும். கேமைப் போட்டுக் காட்டி, கடிதத்தைப் படிக்கவச்சு வாங்கிட்டு வாங்க. நம்ம வீட்டு ஆளுதானேன்னு விட்ட கேஸுதான் என்கிட்ட பாதி இருக்கு."

வக்கீலம்மா நீட்டிய சம்மதக் கடிதத்தைச் சின்னவள் தயங்கித் தயங்கி வாங்கினாள். நத்தை என்று அக்காவுக்குப் பெயர் வைத்தவளே அவள்தான், எட்டு வயதில். கடைசியாக அதை அக்காவின் முகத்துக்கு நேராகச் சொன்னபோது அக்கா சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து போனாள். இரண்டு மாதம் பேச்சில்லை.

புதன்கிழமை அக்காவுக்கு விடுமுறை. சீருடைச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கடிதத்தை வரி வரியாகப் படித்தாள்.

"மூணு வருஷமா இப்படித்தான் கூப்பிட்டிருக்கீங்க, இல்லையா?"

"பாசமாத்தான்க்கா."

"பாசமா சொன்னா நத்தை சிங்கமாயிடுமா?" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, போடு, பார்ப்போம்."

திரையில் தன்னைக் கண்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளாஸ்கைக் காட்டி, "மூடி உடைஞ்சிருக்கிறதைக்கூட விடலையாடி நீ!" என்றாள். சின்னவளுக்குப் பாதி உயிர் வந்தது. முதல் நிறுத்தம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் அக்கா வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்தவள் மூடவே இல்லை.

"கிளம்புக்கா, நேரம் ஓடுது."

"அங்க ஒருத்தர் பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாரே."

"அவங்கெல்லாம் அலங்காரத்துக்கு. ஏற மாட்டாங்க."

அக்கா காத்திருந்தாள். கடிகாரம் சிவந்து, ஆட்டம் முடிந்தது. மறுபடி ஆடினாள், மறுபடி காத்திருந்தாள், மறுபடி தோற்றாள். மூன்றாவது முறை கையை எடுத்துவிட்டாள்.

"பேரைக்கூடப் பொறுத்துக்குவேன்டி. ஓடி வர்றவங்க முகத்துக்கு நேரா கதவைச் சாத்துறவ நான் இல்லை. இருபது வருஷத்துல ஒரு நாள் அப்படிப் பண்ணதில்லை. டிப்போவுல லேட்டு லேட்டுன்னு எத்தனை திட்டு வாங்கியிருப்பேன்!"

"தெரியாதுக்கா."

"உனக்கு எதுதான் தெரியும்? பள்ளிக்கூடத்துல தினமும் நான் லேட்டு. அதுக்குத்தானே நத்தைன்னு பேர் வச்ச? சின்ன வகுப்புன்னு உனக்கு அரை மணி நேரம் கழிச்சுதான் மணி அடிப்பாங்க, நீ ராணி மாதிரி நடப்ப. தெருவுக்கு ஒரு தரம் ஷூ லேஸை அவுத்துக்கிட்டு உட்காருவ. உன்னை விட்டுட்டா போக முடியும்?"

சின்னவளால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாருக்காக ஒருத்தி மெதுவாக நடந்தாளோ, அவளே அதைக் கேலியாக்கிக் கைகொட்டிச் சிரித்திருக்கிறாள். முப்பது வருடம் கழித்து அதில் கையெழுத்து வேறு கேட்டு வந்து நிற்கிறாள். வெட்கமாக இருந்தது. ஏழு மாதம் என்ன, ஏழு வருடம் தள்ளிப்போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

"இந்தப் பேர் வேண்டாம்க்கா. வேற பார்த்துக்கிறோம்."

"நான் வேண்டாம்னு சொன்னேனா? பேனாவைக் குடு."

கடிதத்தின் அடியில் அக்கா நிதானமாக எழுதினாள்: 'இந்த வண்டி ஓடி வருகிறவர்களை விட்டுவிட்டுப் போகாது.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வக்கீலம்மா அதை இரண்டு முறை படித்தார். "இது நிபந்தனை. மீறினா அவங்க பேரைத் திரும்ப வாங்கிக்கலாம். நானே இவ்வளவு சுருக்கமா எழுதியிருக்க மாட்டேன்."

ஒல்லி குதித்தான். நேரக் கணக்கு மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று மின்விசிறிக்குப் போட்டியாகப் புலம்பினான். புலம்பிக்கொண்டே மாற்றினான். ஓடி வருகிறவருக்காகக் காத்திருந்தால், உள்ளே இருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், கடிகாரமும் அதுவரை நிற்கும். சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்தவன் சாப்பாட்டையும் மறந்து ஆடிக்கொண்டே இருந்தான். வெள்ளிக்கிழமை மதியம் பெயரோடு கேம் போய்ச் சேர்ந்தது.

கேம் வெளிவந்த அன்று அக்கா வீட்டுக்கே சின்னவள் போனாள். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள். முதல் நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி, முன்பு இல்லாத ஒரு சின்னப் பெண் தெருவில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அதை வரைந்தது ஒல்லி அல்ல.

அக்கா திரையையே பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"இவ எப்போ கட்டி முடிப்பா?"

"கொஞ்ச நேரம் ஆகும்க்கா."

"ஆகட்டும்," என்றாள் நத்தையக்கா. கதவு திறந்தே இருந்தது.