கஞ்சி போட்ட கூந்தல்

வள்ளிக்கண்ணுவின் தலைமுடி வள்ளிக்கண்ணுவுக்குச் சொந்தம் என்று யாராவது சொல்லியிருந்தால், உறையூரில் அந்த நெசவாளர் தெருவே கைகொட்டிச் சிரித்திருக்கும். அது தெருவின் சொத்து. சீயக்காய் இடிப்பது கிழக்குப் பக்கத்து வீடுகள், தண்ணீர் இறைப்பது மேற்குப் பக்கத்து வீடுகள், செக்கிலிருந்து நல்லெண்ணெய் சுமந்து வருவது யாருக்கு அன்று தறி ஓடவில்லையோ அவர். முடி வளர்வது மட்டும்தான் வள்ளிக்கண்ணுவின் வேலை. அதையும் அவள் விரும்பிச் செய்தாள் என்று சொல்ல முடியாது.

கல்யாணமாகி வந்தபோது முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்த முடிதான். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தரையைத் தொட்டது, வாசலைத் தாண்டியது, ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கோலத்தை அழித்தது. அளப்பதை அதற்கப்புறம் விட்டுவிட்டார்கள். சமைக்கும்போது அதைச் சுருட்டிக் கல்யாண அண்டாவில் போட்டு வைப்பாள். படுத்துப் புரள வேண்டுமென்றால் கூடத்தில் கிடக்கும் முடியிடம் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் புரள வேண்டும். கழுத்து வலிக்கிறது என்று சொன்னால், வலிக்காமல் இருக்குமா, எவ்வளவு பெரிய பாக்கியம் என்பார்கள்.

பாக்கியம் எல்லாம் அவள் புருஷன் அழகிரிக்குத்தான். அதுவரை அவர் ஊரில் இருக்கும் எத்தனையோ அழகிரிகளில் ஒருவர். இப்போதோ மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, "கூந்தல்காரி வீட்டுக்காரர் நீங்கதானே?" என்று கும்பிடுகிறார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை போட்டபடி, "ஆமாங்க, நம்ம முடிதான்" என்பார். அவர் தலை என்னவோ வழுக்கை.

வள்ளிக்கண்ணுவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவள் பிறந்தது காவேரிக் கரையில், ஜீயபுரத்தில். நடக்கப் பழகுமுன்னே நீந்தப் பழகியவள். ஆனால் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக அவள் தலை ஆற்றுத் தண்ணீருக்குள் போனதில்லை. ஒவ்வொரு வருஷமும் பதினெட்டாம் பெருக்கன்று தெரு மொத்தமும் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துக்குப் போகும். வள்ளிக்கண்ணு வீடுகளுக்குக் காவல். சாயங்காலம் பெண்கள் எல்லாரும் ஈரத்தலையோடு, கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு, கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வருவார்கள். அந்தச் சிவந்த கண்களைப் பார்க்கும்போது அவளுக்கு வயிறு எரியும்.

"என்னங்க, இந்த வருஷமாவது ஒரே ஒரு முழுக்கு போட்டுட்டு வரட்டுமா?"

"முடி நனைஞ்சிடுமே."

"ஆத்துல முழுகினா நனையாதா பின்ன?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்பார் அழகிரி, வழக்கில் ஜெயித்த வக்கீலைப் போல. "புதுத்தண்ணி செவப்பா வருது. மணல் பூந்தா ஆறு மாசத்துக்குப் போகாது. மீன் பூந்தா? தெருவுக்கு யாரு பதில் சொல்றது?"

உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு ஆட்கள் நடந்து போனார்களே, அந்த வருஷத்து ஆடியிலும் இதே பேச்சு நடந்தது. வள்ளிக்கண்ணு மூக்கைச் சிந்திவிட்டு, வீட்டுக் கிணற்றிலேயே பண்டிகைக் குளியலை முடித்துக்கொண்டாள். அதற்கு விடியுமுன்னே எழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் வெயில் ஏறுவதற்குள் முடியைக் காயப்போட முடியும்.

காயப்போடும் இடம் தெருதான். நெசவுக்கு நீளவாக்கில் போகும் நூலைப் பாவு என்பார்கள். அதைத் தெரு நீளத்துக்குக் கவைக்குச்சிகள் நட்டு விரித்து, கஞ்சி தேய்த்து, காயவைத்தால்தான் தறியில் அறாது. அந்தக் குச்சிகளில் வடக்கு வரிசை வள்ளிக்கண்ணுவின் முடிக்கு, தெற்கு வரிசை பாவுக்கு என்று தெருவில் ஒரு ஏற்பாடு. அவள் வரிசையின் தலைமாட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். முடி குச்சி குச்சியாகப் போய், கடைசிக் குச்சியில் துணியால் கட்டி நிற்கும்.

அன்று மிச்சமாக ஒரு கறுப்புப் பாவு இருந்தது. பண்டிகையென்றாலும் காலையில் கஞ்சி போட்டு முடித்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போவது என்று மூக்கன் பிடிவாதமாக இருந்தார். கஞ்சி போடுவதில் அவரை அடிக்க உறையூரில் ஆள் கிடையாது. கண்தான் இருட்டில் கொஞ்சம் தகராறு. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "என் கைக்குத் தெரியாத நூல் இனிமே மில்லுல நூத்தாத்தான் உண்டு" என்பார்.

அந்தக் கை இருட்டில் திசை தப்பித் தெருவைத் தடவியது. வடக்கு வரிசையில் கறுப்பாக, வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. மூக்கன் அசந்துபோனார். இப்படி ஒரு நூலை அவர் தொட்டதே இல்லை. கட்டிலில் யாரோ முக்காடு போட்டுப் படுத்திருந்தது மங்கலாகத் தெரிந்தது. பாவுக்குக் காவல் இருக்கும் ஆள், பாவின் முனையைக் கட்டிலில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கஞ்சிச் சட்டியை எடுத்தார், நார்க்கட்டையை முக்கினார், தேய்க்க ஆரம்பித்தார். அவ்வளவு நல்ல நூல் என்பதால் ஒன்றுக்கு இரண்டு தடவையாகத் தேய்த்தார்.

வள்ளிக்கண்ணு அப்போது கனவில் ஜீயபுரத்தில் இருந்தாள். ஆறு அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. எழுந்திருக்க மனசே வரவில்லை.

வெயில் சுள்ளென்று அடித்தபோது எழுந்திருக்கப் பார்த்தாள். தலை வரவில்லை. திரும்பிப் பார்க்கலாமென்றால் கழுத்தும் திரும்பவில்லை. "யாராச்சும் வாங்களேன்!" என்று போட்ட சத்தத்தில் பாதித் தெரு கூடிவிட்டது. முடி அவள் தலையிலிருந்து கடைசிக் குச்சி வரைக்கும் ஒரே நீட்டாக, மூங்கில் கழி மாதிரி விறைத்துக் கிடந்தது. அழகிரி தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்றது.

"யாருடா செஞ்சது?" என்று கத்தினார்.

"நான்தான்" என்றார் மூக்கன். அவருக்கு வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனாலும் பார்வை முடியைவிட்டு அகலவில்லை. "பாத்தீங்களா, ஒரு இழை ஒட்டல, ஒரு இழை பிரியல."

வெந்நீர் ஊற்றினார்கள். உள்ளே இருந்த மாவு வெந்து இன்னும் இறுகியது. சீயக்காய் போட்டார்கள். அதுவும் கஞ்சியோடு சேர்ந்து காய்ந்தது. குடம் குடமாகக் கிணற்றைக் காலி செய்தார்கள். மூக்கன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "என் கஞ்சி குடத்துத் தண்ணிக்கெல்லாம் மசியாதுங்க. ஓடுற தண்ணி வேணும். நெறைய வேணும்."

"கத்தரிச்சுட்டா?" என்று கூட்டத்தில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"அந்தப் பேச்ச எடுத்தவன் யாரு? முன்னால வா!" என்று அழகிரி வேட்டியை மடித்துக் கட்டினார். யாரும் வரவில்லை.

ஓடுகிற தண்ணீர், நிறையத் தண்ணீர், முடியை நீட்டிப் போட இடம். மூன்றும் சேர்ந்து இருப்பது எங்கே என்று தெரு யோசித்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்த வள்ளிக்கண்ணுவுக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. தான் சொன்னால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"காவேரிதான்" என்றார் அழகிரி கடைசியில், மருந்து குடித்த முகத்தோடு.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் நம்பமாட்டார்கள். வள்ளிக்கண்ணு முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஆளுக்கொரு கவைக்குச்சியாக முடியைத் தாங்கிக்கொண்டு ஆண்கள். வாலில் அழகிரி. நேர்ச்சாலையில் ஒரு தொல்லையும் இல்லை. நாச்சியார் கோயில் முனையில்தான் சிக்கல் வந்தது. தெரு திரும்பியது, முடி திரும்பவில்லை. தேருக்குப் போடுகிற மாதிரி முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார்கள், முன்னே இழுத்தார்கள், பின்னே தள்ளினார்கள். "ஒடிச்சிடாதீங்கடா, ஒடிச்சிடாதீங்கடா!" என்று வாலிலிருந்து அழகிரி அழுதார்.

முனை வீடு ஷரபுன்னிசாவுடையது. வீடுவீடாகச் சாம்பிராணி விற்பவள், வெள்ளிக்கிழமை தவறாமல் வள்ளிக்கண்ணுவின் முடிக்குப் புகை போடுபவள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவள், "யா அல்லா, எதுக்கு இத்தன பாடு? என் வீட்டு வழியா போங்களேன். கொல்லக் கதவத் தொறந்து வெச்சிருக்கேன்" என்றாள்.

அப்படியே போனார்கள். வள்ளிக்கண்ணு வாசல் வழியாக நுழைந்து கொல்லை வழியாக வெளியேறி வெகுநேரம் ஆன பின்பும் முடி போய்க்கொண்டே இருந்தது. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷரபுன்னிசாவின் புருஷன் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். ஷரபுன்னிசா பழக்கதோஷத்தில் தூபக்காலை எடுத்து வந்து புகை போட்டு அனுப்பினாள்.

காவேரிப் பாலத்தில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். உப்புக் கலாட்டா நடந்த வருஷம், நாலு பேர் சேர்ந்து நடந்தாலே சந்தேகம். அவர் மறித்தது வால் பக்கத்தில்.

"ஊர்வலத்துக்குப் பர்மிஷன் இருக்கா?"

"ஊர்வலம் இல்லீங்க" என்றார் அழகிரி. "தலமுடி."

"யார் தலமுடி?"

"நம்மளதுதாங்க."

போலீஸ்காரர் அவருடைய வழுக்கையைப் பார்த்தார், முடியைப் பார்த்தார். பிறகு முடியைத் தொடர்ந்து நடக்க ஆரம்பித்தார். பின்னால் ஒரு மோட்டார் பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனது. மூச்சு வாங்க வள்ளிக்கண்ணுவை எட்டிப் பிடித்தவர், "ஏம்மா, இது உன்னோடதா?" என்று கேட்டார்.

வள்ளிக்கண்ணு நிற்கவில்லை. கைப்பிடிச் சுவருக்குக் கீழே இரு கரையும் தொட்டுச் செக்கச்செவேலென்று ஆறு ஓடிக்கொண்டிருந்தது. "என்னோடதுதாங்க" என்றாள். "ஆனா இப்பப் பேச நேரமில்லீங்க." அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி, "ஏண்டியம்மா, பெருமாளுக்குப் பிரார்த்தனையா?" என்று விலகி வழிவிட்டாள். வள்ளிக்கண்ணு படியிறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது. இடுப்புக்கு வந்தபோது வாலிலிருந்து குரல் வந்தது.

"அங்கியே நில்லு! முடிய மட்டும் நனைச்சா போதும், தலய நனைக்காத! சளி பிடிக்கும்!"

வள்ளிக்கண்ணு நின்றாள். இவ்வளவு தூரம் வந்து, இடுப்பளவோடு போவதா?

"அதெப்படிங்க?" என்றது மூக்கனின் குரல். அவருக்கு ரோஷம் வந்திருந்தது. "வேர்க்கால் வரைக்கும் போட்டிருக்கேன். அரகொறையா விட்டுட்டு வர்றவனா நானு? தல முழுசா உள்ள போனாத்தான் விடும்."

அழகிரி யோசித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வள்ளிக்கண்ணு முழுகிவிட்டாள்.

உள்ளே சத்தமே இல்லை. தெரு இல்லை, மண்ணச்சநல்லூர் வண்டிகள் இல்லை. காதுக்குள் ஆறு மட்டும் ஓடியது. கழுத்திலிருந்து பாரம் மெல்ல மெல்லக் கழன்று தண்ணீரோடு போயிற்று. முடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சின்னச் சின்ன மீன்கள் கஞ்சி தின்ன வந்து காதோரம் குறுகுறுத்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து, தண்ணீர் குடித்து, புரையேறி மேலே வந்தாள். கண்ணைத் துடைத்தாள். கண் எரிந்தது. கட்டாயம் சிவந்திருக்கும்.

"போயிடுச்சா?" என்று கத்தினார் அழகிரி. ஆற்றோட்டத்தில் வால் அவரை இழுத்துப் போகப் பார்த்ததில் அவரும் மார்பளவுத் தண்ணீரில் நின்றார்.

"இன்னும் பிசுபிசுங்குதுங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. முழுகினாள்.

கஞ்சி அப்போதே போய்விட்டது. மூக்கனுக்குத் தெரியும், வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த ஷரபுன்னிசாவைக் கேட்டால் அவளும் சொல்லியிருப்பாள். அழகிரி கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் பிசுபிசுங்குது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புளிச்சோறு தீர்ந்தது, தேங்காய்ச்சோறும் தீர்ந்தது. விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் கரையேறினாள். ஆண்கள் முடியைப் பிழிந்து, சுருட்டி, ஒரு மாட்டுவண்டி பிடித்து ஏற்றினார்கள். வழியெல்லாம் அழகிரி தும்மினார்.

மறுநாளே தெரு கூடி, பழைய ஏற்பாட்டையே சட்டமாக்கியது. இனிமேல் வடக்கு வரிசையில் பாவு கிடையாது, தெற்கு வரிசையில் முடி கிடையாது. அழகிரி கரியால் சுவரில் பெரிதாகக் கோடு போட்டு வைத்தார். மூக்கனிடம் சத்தியம் வாங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் மூக்கன் கஞ்சிச் சட்டியோடு வந்தார். சத்தியத்தை நினைத்துக்கொண்டு தெற்கு வரிசைக்கே போனார். கையை வைத்தார். கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. கையை எடுத்துவிட்டார். கயிற்றுக் கட்டில் அவருக்கு முன்னால் கிடந்தது.

"தங்கச்சி" என்றார் மெதுவாக. "இது பாவு மாதிரி தெரியலியே."

முக்காடு கொஞ்சம் விலகியது.

"பாவுதான் மூக்கண்ணே" என்றாள் வள்ளிக்கண்ணு. "இன்னிக்குக் கஞ்சி கொஞ்சம் கெட்டியாவே இருக்கட்டும்."

மூக்கன் தெருவை ஒருமுறை இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு நார்க்கட்டையை முக்கினார்.