பதினான்கு கட்டடங்களில் முதலிடம்

எரிசக்தி மேலாண்மை உதவியாளர் என்பது நகராட்சியில் அவளுடைய பதவியின் பெயர். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் வந்த வேலையே மறந்துபோகும் என்பதால் எல்லோரும் மீட்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மீட்டர் பெட்டியைப் பார்ப்பாள், மனிதர்களெல்லாம் அப்புறம்தான். மின்சாரச் செலவை வருடத்துக்கு வருடம் குறைக்க வேண்டும், கூரைகளில் சூரியத் தகடு ஏற்ற வேண்டும் என்று நகராட்சி ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று போட்டபோது, அதைக் கவனிக்க ஆள் தேடி யாரும் அலையவில்லை.

திட்டத்தின் முதல் வேலை ஒரு பட்டியல். நகராட்சிக்குச் சொந்தமான பதினான்கு கட்டடங்களில் எது மின்சாரத்தை அதிகம் விழுங்குகிறது? பெரிய கட்டடம் அதிகம் விழுங்கத்தான் செய்யும். அதனால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துப் பார்த்தால்தான் நியாயம். வகுத்தாள். கிளை நூலகம் நூற்றைம்பது யூனிட்டோடு முதலிடத்தில் வந்து நின்றது. இரண்டாவதாக வந்த சுகாதார நிலையம்கூட நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை. கடைசி இடம், அதாவது சிக்கனத்தில் முதலிடம், வெறும் முப்பது யூனிட்டோடு நகராட்சியின் தலைமை அலுவலகத்துக்குக் கிடைத்தது. ஆணையருக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலக வாசலில் மாட்ட ஒரு பாராட்டுப் பலகைக்கு உடனே சொல்லிவிட்டார்.

நூலகத்தின் முதலிடத்துக்குக் கிடைக்கவிருந்த பரிசு மூடுவிழா. பட்டியலில் முதலில் இருக்கும் கட்டடத்தை மூடி, அங்கிருப்பதை வேறு இடத்துக்கு மாற்றுவது என்று தீர்மானம் தயாராகிவிட்டது. வியாழக்கிழமை மன்றக் கூட்டத்தில் கை தூக்க வேண்டியதுதான் பாக்கி. புத்தகங்கள் கிடங்குக்கு, நூலகர் பிறப்புச் சான்றிதழ் கவுன்ட்டருக்கு.

அந்த நூலகர் மீட்டரம்மாவின் நாத்தனார்.

கணவனின் அக்கா. இவள் அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். பதினோரு வருடமாக இரண்டு பேருக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது பெரிய சண்டை ஒன்றுமில்லை. நாத்தனார் வீட்டுக்கு வந்தால் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். ஆனால் தன் சமையலறையில் உப்பைத் தேடி அலைந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொதிப்பு புரியும்.

பட்டியல் வெளியானதும் அலுவலகத்தில் வாய்க்கு அவல் கிடைத்தது. “நாத்தனார் மேல இருந்த கடுப்பைக் கரண்டுல காட்டிட்டா” என்று காதுபடவே பேசினார்கள். நாத்தனார் தம்பியின் போனைக்கூட எடுக்கவில்லை. எட்டாம் நாள் காலை, சட்டை பொத்தானைப் போட்டபடியே கணவன் மெதுவாகக் கேட்டான்.

“எங்க அக்கா பகல்ல ஒரு லைட் எரிஞ்சாலே ஊரைக் கூட்டும். அது இருக்கிற இடம் எப்படி முதல்ல வந்துச்சு?”

“கணக்கு யார் அக்கான்னு பார்க்காது” என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். சொல்லிவிட்டாளே தவிர, அந்தக் கேள்வி செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்தியது. பேருந்து நிறுத்தம்வரை போனவள் அலுவலகப் பேருந்தை விட்டுவிட்டு நூலகப் பேருந்தில் ஏறினாள். அன்று செவ்வாய்க்கிழமை.

நாத்தனார் மேஜையிலிருந்து நிமிர்ந்தார்.

“என்ன, சீல் வைக்க வந்தியா?”

“இல்ல அண்ணி. இங்க எது இவ்வளவு கரண்டைத் தின்னுதுன்னு பார்க்க வந்தேன்.”

“நான்தான் தின்னுறேன். காலையில ரெண்டு யூனிட், மத்தியானம் ரெண்டு யூனிட்.”

மீட்டரம்மா மீட்டர் பெட்டியைத் திறந்தாள். வாசகர்களிடம் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லி, விளக்கு, மின்விசிறி, கணினி எல்லாவற்றையும் அணைத்தாள். மீட்டரில் துடித்துக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அப்படியே நின்றது. ஆக, சுவருக்குள் ரகசிய ஒயர் எதுவும் இல்லை. பக்கத்துக் கடைக்காரன் திருடவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாம் ஓடும்போது மணிக்கு நாலு யூனிட். நாளுக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு நாள். பெருக்கினால் ஒன்பதாயிரத்து இருநூற்று எண்பது. பில்லில் இருந்தது ஒன்பதாயிரத்து முந்நூறு.

பொருந்துகிறது! அதில்தான் அவளுக்கு மண்டை காய்ந்தது. ஓட்டை இல்லை, திருட்டு இல்லை, மீட்டரும் பொய் சொல்லவில்லை. இந்தச் சின்னச் செலவு எப்படி ஊரிலேயே பெரிய செலவாகும்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூரையையும் அலமாரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நாத்தனார் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது துப்புரவுப் பணியாளர் வாளியோடு வந்தாள். வாசலிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தவள், வாசிப்புக் கூடத்தின் கார்ப்பெட் தொடங்கும் இடத்தில் கோடு போட்டது மாதிரி நின்றாள். துணியைப் பிழிந்தாள். திரும்பிப் போகப் போனாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் மீட்டரம்மா.

“அவ்வளவுதான் மேடம். கார்ப்பெட்டுக்கு மிஷின் வச்சிருக்கிற ஆள் வேற. எனக்கு வேலை அட்டையில அறுபத்தி ரெண்டு மீட்டர்தான் போட்டிருக்கு. அதுக்கு மேல ஒரு அடி துடைச்சாலும் சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு.”

அறுபத்திரண்டு. மீட்டரம்மா பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய பட்டியலில் நூலகத்தின் பரப்பளவு அறுபத்திரண்டு சதுர மீட்டர்.

நடந்தது இதுதான். கட்டட வரைபடங்கள் இருந்த அறையில் கூரை ஒழுகி, தாள்களெல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டன. பதினான்கு கட்டடத்தையும் நேரில் அளக்க அவகாசம் இல்லை. சுகாதாரப் பிரிவில் ஒரு நோட்டு இருந்தது. பதினான்கு பெயரும், எதிரே ‘பரப்பளவு’ என்று அழகான கையெழுத்தில் எண்களும். புதையல் கிடைத்தது போல அதை வாங்கி வந்து அப்படியே வகுத்துவிட்டாள். அது கட்டடத்தின் பரப்பளவு அல்ல, துடைக்கும் பரப்பளவு. ஒரு முழு நூலகத்தின் மின்சாரத்தை வாசல் நடைபாதையின் தலையில் கட்டியிருக்கிறாள்.

“அண்ணி, டேப் இருக்கா?”

நாத்தனார் காரணம் கேட்கவில்லை. இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்து, ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். கூடம் முப்பத்தொன்றுக்குப் பதினாறு. நடைபாதையையும் சேர்த்தால் ஐந்நூற்று ஐம்பத்தெட்டு சதுர மீட்டர். வகுத்தால் பதினேழு யூனிட்கூட வரவில்லை.

“அப்படின்னா?” என்றார் நாத்தனார்.

“ஊரிலேயே சிக்கனமான கட்டடம் உங்களோடதுதான் அண்ணி.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாடாவைச் சுற்றி இழுப்பறையில் போட்டு மூடினார்.

மீட்டரம்மாவுக்கு இப்போது வேறொரு குடைச்சல். இந்த நோட்டு நூலகத்தைக் கவிழ்த்தது என்றால் இன்னும் யாரைக் கவிழ்த்திருக்கும், யாரைத் தூக்கிவிட்டிருக்கும்? வாளியைத் தூக்கிய பணியாளரை நிறுத்திக் கேட்டாள்.

“தலைமை அலுவலகத்துல எப்படித் துடைப்பீங்க?”

“அங்க காலையில ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் மேடம். ரெண்டையும் கூட்டித்தான் நோட்டுல எழுதுவாங்க.”

கேட்டதும் மீட்டரம்மாவுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. நோட்டில் தலைமை அலுவலகத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு சதுர மீட்டர். ஒரே தரையை இரண்டு முறை துடைத்ததால் கட்டடம் இரண்டு மடங்கு வளர்ந்திருக்கிறது. பாதியாக்கினால் முப்பது யூனிட் அறுபதாகும்.

புதன்கிழமை முழுக்க நாடாவும் கையுமாகத் தலைமை அலுவலகத்தையும் மற்றக் கட்டடங்களையும் அளந்தாள். மற்றப் பன்னிரண்டும் நோட்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான்; தலைமை அலுவலகம் மட்டும் சரியாகப் பாதி. சாயங்காலம் ஆணையரின் அறைக்குப் போனாள். பாராட்டுப் பலகை வந்து சுவரில் சாய்ந்து நின்றது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். “கூட்டத்துக்கு முந்தின நாள் வந்து சொல்றீங்களேம்மா. நாத்தனாருக்காகக் கணக்கை மாத்திட்டாங்கன்னு சொல்வாங்க. தெரியுமில்ல?”

“போன வாரம் நாத்தனாரைக் கவுக்கறதுக்காகப் போட்ட கணக்குன்னு சொன்னாங்க சார். இந்த வாரம் இதைச் சொல்லட்டும்.”

“உங்க வேலைக்கும் நல்லதில்ல.”

“மூடின பிறகு தெரிஞ்சா இன்னும் மோசம் சார்.”

வியாழக்கிழமை மன்றத்தில் அவள் கால்கள் நடுங்கத்தான் செய்தன. பார்வையாளர் வரிசையின் ஓரத்தில் நாத்தனார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நோட்டுப் பக்கத்தின் நகலையும் நாடாவால் அளந்த எண்களையும் உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிட்டு மீட்டரம்மா பேசினாள்.

ஒரு உறுப்பினர் எழுந்தார். “போன வாரம் நூத்தம்பது, இந்த வாரம் பதினேழு. அடுத்த வாரம் நூலகம் நமக்கே கரண்டு சப்ளை பண்ணுமா?” மன்றமே சிரித்தது.

“நான் கட்டடத்தோட அளவை எடுக்கலைங்க. துடைச்ச தரையோட அளவை எடுத்துட்டேன். தப்பு என்னோடது. சந்தேகம்னா யார் வேணாலும் நாடாவோட வந்து அளந்து பாருங்க.”

“சரி, இப்ப முதலிடத்துல எந்தக் கட்டடம்?” என்றார் மன்றத் தலைவர்.

“நாம உட்கார்ந்திருக்கிற இந்தக் கட்டடம்தான் ஐயா.”

சிரிப்பு நின்றது. முதலிடத்தை மூடுவது என்று எழுதிய தீர்மானம் எல்லோர் மேஜையிலும் கிடந்தது. தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மன்றம் அதிவேகத்தில் வேலை செய்தது. தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. நூலகம் இருந்த இடத்திலேயே இருக்கும். தலைமை அலுவலகத்தின் குளிரூட்டிகளை ஆராய ஒரு குழு. தவறான பட்டியல் தந்ததற்கு மீட்டரம்மா ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

வெளியே படிக்கட்டில் நாத்தனார் காத்திருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று இவள் நினைத்தாள்.

“ஒண்ணு கேக்கணும். வீட்டுல ஒரு பல்பை மாத்தினாலே ஓடிப்போய் மீட்டரைப் பார்க்கிறவ நீ. என் நூலகத்துக்கு நூத்தம்பதுன்னு வந்தப்ப உனக்குச் சந்தேகமே வரலையா? எட்டு நாள் எடுத்துக்கிட்டியே.”

பதில்கள் கைவசம் இருந்தன. நோட்டு அழகாக இருந்தது, அவகாசம் இல்லை, வரைபடம் நனைந்துவிட்டது. ஆணையருக்கு எழுதப்போகும் விளக்கத்தில் அவைதான் வரும். அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

“வரல அண்ணி. உங்க இடம் மேல வந்ததைப் பார்த்ததும் உள்ளுக்குள்ள நல்லா இருந்துச்சு. அதனாலதான் திரும்பிப் பார்க்கல. வேற எந்தக் கட்டடம் வந்திருந்தாலும் அன்னைக்கே போய் அளந்திருப்பேன்.”

நாத்தனார் படியில் வைத்திருந்த பையை எடுத்தார்.

“விளக்கம் எழுதச் சொன்னாங்களே, அதுல இதை எழுதப்போறியா?”

“எழுதணுமோன்னு யோசிக்கிறேன்.”

“எழுதாத. இது வீட்டு விஷயம்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு படி இறங்கியவர் நின்றார். “நானும் சொல்லிடறேன். அத்தனை பேர் முன்னாடி ‘தப்பு என்னோடது’ன்னு நீ நடுங்கிக்கிட்டு நின்னியே, அப்ப எனக்கும் உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர் சிரிக்கவில்லை, இவளும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பேருந்துக்குத்தான் போக வேண்டியிருந்தது, சேர்ந்தே நடந்தார்கள்.