பலூன் விடுகிற வேலை

வீட்டில் அவளுக்கு மந்தாரம் என்று பெயர். அண்ணன் வைத்தது. சாப்பிட உட்கார்ந்தால் கை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிடும். கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் காதில் விழும். ஜன்னல் இருக்கிற அறையில் உட்கார வைத்தால் அவ்வளவுதான், ஆள் இங்கே, மனம் எங்கேயோ. ஒருநாள் அண்ணன் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, வானம் மூடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு வெயில் வராது என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பாகூடக் கோபம் இல்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிட்டார்.

கல்லூரியில் இயற்பியல் படித்தாள். கடைசி செய்முறைத் தேர்வு முடிந்த மதியம் தோழிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. குளத்தில் மல்லாந்து மிதக்கும்போது காதுக்குள் தண்ணீர் புகுந்து வெளிச்சத்தம் எல்லாம் தள்ளிப்போகுமே, அப்படி இருந்தது. அந்த மிதப்பு வீட்டுக்கு வந்தும் போகவில்லை.

வீடு என்பது இரண்டு அறை. அப்பா கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் நகக்கண்ணைப் பார்த்தால் அந்த வாரம் எந்த நிறம் என்று தெரிந்துவிடும். அம்மா பள்ளிச் சீருடை தைத்தாள். முன்னறை முழுக்க வெட்டிப்போட்ட நீலத் துணி. மதியங்களில் மந்தாரம் அந்தக் குவியலின் மேலேயே தூங்கிப்போவாள். தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதும் கனவுக்குள் ரயிலாக வரும். எழுந்திருக்கும்போது தலைமுடியெல்லாம் நூல். அண்ணன் ஒரு போன் கடையில் வேலை பார்த்தான். மாலையில் வந்ததும், இன்றைக்கு வேலை ஏதாவது வீட்டுக்கதவைத் தட்டியதா என்று கேட்பான்.

தட்டவில்லை. அவள்தான் போய்த் தட்டினாள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இன்னும் ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் நிஜமாகவே பார்க்க ஆரம்பித்தாள். ஒரு அறை தெரிந்தது. அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்குள், நன்றி, நீங்கள் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வானிலை அலுவலகத்து நேர்முகத் தேர்வும் ஏறக்குறைய அப்படித்தான் போயிற்று. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி அம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். அவர் கைக்குட்டையை எடுப்பதும் கேள்வி கேட்பதுமாக இருந்தார். அவர் தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில், தூரத்துக் கூரை ஒன்றுக்கு மேலே, வெள்ளையாக ஏதோ கிளம்பியது. உருண்டையாக, அவசரமே இல்லாமல், ஆனால் ஒரு நொடிகூட நிற்காமல் மேலே போனது. அதன் அடியில் நூல் கட்டி ஒரு சின்னப் பெட்டி ஆடியது.

"எங்கம்மா பாக்கறீங்க?" என்றார் அதிகாரி அம்மா.

"பலூன் போகுதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அம்மா மட்டும் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வியை மறுபடி கேட்டார். இவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

வேலை வேறொரு பையனுக்குப் போனது. ஆனால் அவனை அனுப்பிய மலைமேல் நிலையத்தில் அவன் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பேசுவதற்கு ஆளில்லாத இடத்தில் இருக்க முடியாது என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். அடுத்த இடத்தில் இருந்தவள் இவள். ஒரு நாள் மதியம், நீலத் துணிமேல் படுத்திருந்தவளின் காதில் அம்மா போனை வைத்தாள். கனவா நிஜமா என்று பிரித்தறிவதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு அத்தை வந்தாள். என்ன வேலை என்று விசாரித்தாள். வானத்தில் பலூன் விட வேண்டும், அதில் கட்டிய கருவி மேலே இருக்கிற குளிரையும் ஈரத்தையும் காற்றையும் அளந்து சொல்லும் என்று இவள் விளக்கினாள். அத்தைக்கு முதல் பாதி போதுமானதாக இருந்தது. பூங்கா வாசலில் விற்கிறவன்கூட பலூன் விடுகிறானே, அதற்கா இத்தனை படிப்பு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

 மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "அது எவ்வளவு உயரம் போகும்?"

"விமானம் பறக்கற உயரத்தப் போல மூணு மடங்குப்பா."

அவர் இன்னொரு செருப்பையும் மாட்டினார். "அவ்வளவு பெரிய ஏணி கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலையம் ஒரு மலைமுகட்டில் இருந்தது. நீளமான தாழ்ந்த கட்டிடம். கருவிகள் ஒரு அறை, தங்குவதற்கு இரண்டு அறை, தள்ளி ஒரு கொட்டகை. மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வரும். மேஜைமேல் வைத்த காகிதம் மதியத்துக்குள் துவண்டுவிடும். பொறுப்பாளர் அதிகம் பேசாத மனிதர். இன்னொருத்தி இவள் வயதுக்காரி, ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து இடமாற்றம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவளுக்கு மேலிடத்திலேயே டிரான்ஸ்ஃபர் என்று பெயர். அதை அவளே சொல்லி, அவளே சிரித்தாள். நிச்சயமானவன் கீழே நகரத்தில் இருந்தான். வேலை இல்லாத நேரமெல்லாம் போன் அவள் காதிலேயே இருந்தது.

முதல் பலூனை மந்தாரம் மறக்க மாட்டாள். கொட்டகைக்குள் ஹைட்ரஜன் வாயு; ஒரு பொறி போதும், தீப்பிடிக்கும். அதனால் போன் கூடாது, வளையல் கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். குழாயிலிருந்து வாயு ஏற ஏற, சுருங்கிக் கிடந்த ரப்பர் மூச்சு வாங்குவதுபோல எழுந்தது. ஆள் உயரம் வந்தது, அதையும் தாண்டியது. அதை வெளியே இழுத்து வந்து ஒரு கையில் பிடித்திருந்தாள். மறு கையில் கருவிப் பெட்டி. பலூன் கன்னத்தில் உரசியது. குளிர்ந்து, மெல்லச் சலசலத்து, உயிருள்ள எதுவோ விடச்சொல்லிக் கேட்பதுபோல இழுத்தது. விட்டுவிட்டாள்.

பலூன் போயிற்று. அதைப்போல அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை. பனிக்குள் நுழைந்து, கரைந்து, காணாமல் போனது.

உள்ளேயிருந்து டிரான்ஸ்ஃபர் ஜன்னலைத் திறந்தாள். "சிக்னல் வருது. ஆனா ஏன் இன்னும் தரையிலேயே இருக்கு?"

பெட்டி மந்தாரத்தின் கையிலேயே இருந்தது. முடிச்சுப் போட மறந்திருந்தாள்.

பொறுப்பாளர் திட்டவில்லை. இன்னொன்று நிரப்புங்கள் என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்தாள். அப்பாதான் எடுத்தார். இந்த வேலைக்குக் கவனம் வேண்டும், தனக்கு அது கிடையாது, திரும்பி வந்துவிடுகிறேன் என்று நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

அப்பா முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார். "நான் முதல் நாள் வேலைக்குப் போனப்ப பக்கத்து வீட்டுச் சுவத்துக்கு அடிச்சுட்டேன். மஞ்சள்."

இதை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்புறம் என்னப்பா ஆச்சு?"

"என்ன ஆகும்? ரெண்டு வீடும் மஞ்சளாச்சு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். திரும்பி வருகிற பேச்சை அதற்குமேல் இருவரும் எடுக்கவில்லை.

முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். நாட்கள் பனிக்குள் ஒன்றோடொன்று கலந்து போயின. அவளுக்குப் பிடித்தது பலூனை விட்ட பிறகான நேரம். கருவி அறையில், திரையில் ஒரு கோடு மெல்ல ஏறும். ஒவ்வொரு புள்ளியும் மேலேயிருந்து வருகிற செய்தி: இங்கே ஈரம், இங்கே திடீரென்று வறட்சி, இங்கே காற்று திசை மாறுகிறது. அவளும் கூடவே ஏறுவாள். மேகத்தின் வயிற்றுக்குள் நனைந்து, அதன் முதுகில் வெயிலோடு வெளியே வந்து, நீலம் கருத்துக் கருத்துப் போகிற இடம்வரை. பலூன் வெடித்ததும் கோடு கீழே பாயும். அவளும் திடுக்கென்று நாற்காலிக்கு வந்து சேருவாள். "இறங்கியாச்சா?" என்று டிரான்ஸ்ஃபர் கேட்பாள்.

ஒரே ஒரு குறை. கோடு எங்கோ இருக்கிற கணினிக்குப் போகும்; அங்கிருந்து இன்னொரு கணினிக்கு. இதை ஒரு மனிதர் பார்ப்பாரா என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

பிறகு அந்த அழைப்பு வந்தது. நிலையத்துப் போன் அடிப்பதே அபூர்வம். எடுத்தால் ஒரு பேருந்து ஓட்டுநர். நெடுஞ்சாலையோரத்து மரத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்குகிறது, கூடவே சிவப்புக் குடைபோல ஏதோ இருக்கிறது, பெட்டியில் இந்த எண் எழுதியிருக்கிறது என்றார். வண்டியை நிறுத்தியாயிற்று, பயணிகள் இறங்கி நிற்கிறார்கள்.

"மேடம், இது வெடிக்குமா?"

"வெடிக்காதுங்க. வெடிக்க வேண்டியது மேலேயே வெடிச்சிடுச்சு."

 அந்தப் பக்கம் பலர் ஓடுகிற சத்தம். அவள் பதறி, வெடித்தது பலூன்தான், வெறும் பலூன், குடை அது மெதுவாக இறங்குவதற்கு, பெட்டியைக் குழந்தைகூடத் தொடலாம் என்று மூச்சு விடாமல் சொன்னாள். ஓட்டுநர் ஒரு கம்பை வைத்து அதை இறக்கினார் போலிருக்கிறது. ரொம்ப லேசாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். ஆட்கள் திரும்பி வந்து சூழ்ந்துகொண்டார்கள். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

ஒரு பெண்குரல் கூட்டத்திலிருந்து கேட்டது. "அவ்வளவு தூரம் போயிட்டு வந்திருக்கே. மேல எப்படி இருந்துச்சாம்?"

இதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அன்று காலை அவளே விட்ட பலூன் அது. திரையில் கோட்டை எடுத்தாள்.

"இங்கேயிருந்து கிளம்பினப்ப பனிங்க, பக்கத்துல நிக்கறவங்க முகம் தெரியாது. கொஞ்சம் மேல போனதும் மேகம். உங்க பக்கம் தூறல் இருந்துச்சா?"

காலையில் இருந்தது என்று பல குரல்கள் சொன்னன.

"அதே மேகமா இருக்கலாம். அதுக்குள்ள ரொம்ப நேரம் நனைஞ்சிருக்கு. வெளிய வந்தா நல்ல வெயில், துளி ஈரம் இல்ல. அங்க ஒரு காத்து பிடிச்சு இழுத்துச்சு, அதுதான் உங்க பக்கமா கொண்டாந்துச்சு. அப்புறம் குளிர். பனிக்கட்டியெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, அப்படி ஒரு குளிர். அதையும் தாண்டினா, யாருமே எதிர்பார்க்க மாட்டாங்க, மறுபடி கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏறுது. அங்க மேகம் இல்ல, பறவை இல்ல. பகல்லயே வானம் கறுப்பா இருக்கும். பலூன் வீங்கி வீங்கி ஒரு வீடு அளவுக்கு ஆயிருக்கும். அங்கதான் வெடிச்சது. சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது."

 அவள் பேசி முடித்தபோது அந்தப் பக்கம் பேருந்தின் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நேரமாயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தப் பக்கம், டிரான்ஸ்ஃபர் கதவருகே நின்றிருந்தாள். காதிலிருந்த போன் கீழே இறங்கியிருந்தது.

ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, வண்டிய எடுக்கணும். பெட்டிய என்ன பண்றது?"

"நீங்களே வச்சுக்குங்க," என்றாள்.

அடுத்த வாரம் போன் மறுபடி அடித்தது. கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண். ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுவது அவள் பிழைப்பு. உங்களுக்குத்தான் மேலே நடப்பது தெரியுமே, இன்றைக்குத் துணியை வெளியே போடலாமா என்று கேட்டாள். அதைச் சொல்வது வேறு அலுவலகத்தின் வேலை என்று இவள் விளக்கினாள். அவர்கள் சொல்வது தனக்குப் புரிவதில்லை என்றாள் அந்தப் பெண். இவள் கோட்டைப் பார்த்துத் தோன்றியதைச் சொன்னாள். சரியாக இருந்தது. அதன்பின் அடிக்கடி அழைப்பு வந்தது. ஒருநாள் பொறுப்பாளர் அதைக் கேட்டுக்கொண்டே போனவர், வாசலில் நின்று, உறுதியாகச் சொல்ல வேண்டாம், 'இருக்கலாம்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். தடுக்கவில்லை.

கோடை வருவதற்குள் டிரான்ஸ்ஃபருக்கு இடமாற்றம் கிடைத்தது. போகும்போது அழுதாள். மந்தாரமும் இந்த முறை அழுதாள். இவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதைச் சொல்ல வீட்டுக்குப் போன் செய்தபோது, அத்தை வந்திருப்பதாகவும், அவளிடம் அப்பா பலூனைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவள் கிளம்ப வழியில்லாமல் உட்கார்ந்திருப்பதாகவும் அண்ணன் சொன்னான்.

அன்று காலையும் அந்தப் பெண் அழைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி மெதுவாகக் கலைந்து கொண்டிருந்தது. திரையில் கோடு பாதி தூரம் ஏறியிருந்தது. மந்தாரம் இரண்டையும் பார்த்தாள்.

"மதியம் வரைக்கும் காயலாங்க. அப்புறம் மழை இருக்கலாம்."

சரி என்று சொன்ன அந்தப் பெண் போனை வைக்க மறந்துவிட்டாள். மறுமுனையில், ஈர விரிப்பு ஒன்றைப் பட்டென்று உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.