காப்புக் கட்டிய ஃபார்வேர்டு

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் குப்பண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை ஓய்ந்ததும் கல்லூரிக் கால்பந்து அணியின் கேப்டனைப் பிடித்து, "இந்த வருசம் நம்ம டீமு எப்படிங்க?" என்று கேட்பார். கேள்வியில் மரியாதைக்கும் குறைவிருக்காது, கேலிக்கும் குறைவிருக்காது. இதனாலேயே கேப்டன் மோகனசுந்தரம் அந்தக் கடையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போனான்.

அவன் என்னவென்று சொல்வான்? கோல்கீப்பர் கந்தப்பன் தங்கமான பையன், பந்து வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வான். பின்வரிசையில் இரண்டு பேருக்கு ஓடினால் மூச்சு வாங்கும், இன்னொருவன் ஓடுகிற வம்புக்கே போகமாட்டான். போன வருடம் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் சுற்றிலேயே ஏழு கோல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அதற்கு முந்தின வருடத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே புண்ணியம்.

இந்த முறையும் முதல் சுற்றைத் தாண்டாவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தில் கட்டிடம் கட்டப் போகிறார்கள் என்று உடற்பயிற்சி ஆசிரியர் ஷிஜு சார் சொல்லிவிட்டார். மோகனசுந்தரத்துக்கு இது கடைசி வருடம். படிப்பும் சுமார், ஆட்டமும் சுமார். கேப்டன் என்ற ஒரு பேர்தான் அவனுக்கென்று இருந்தது. அணிக்குப் பால் ஊற்றிய கேப்டன் என்று பேர் வாங்கிக்கொண்டு போக அவனுக்கு மனம் வரவில்லை.

இருந்த ஒரே நம்பிக்கை, இரண்டாம் வருடம் படிக்கும் ஃபார்வேர்டு பிரதீப். அவன் காலுக்குப் பந்து போனால் எதிரணிக்காரனே நின்று வேடிக்கை பார்ப்பான். அந்த மகராசன் கோடை விடுமுறையில் கொல்லங்கோட்டுப் பக்கம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயத்துக்குப் போய், முட்டியைத் திருகிக்கொண்டு வந்து படுத்தான். இனிப் பந்து என்ற பேச்சே இந்த ஊட்டில் கூடாது என்று அவன் அம்மா நாச்சம்மாள் சொல்லிவிட்டாள்.

மோகனசுந்தரம் அவர்கள் ஊருக்கே போய்க் கெஞ்சினான். ஓய்வெடுத்தால் முட்டி சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னான், கல்லூரியின் மானத்தைச் சொன்னான். நாச்சம்மாள் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள், எதற்கும் மசியவில்லை. கடைசியில் அவள் எதற்கு மசிவாளோ அதைச் சொன்னான். முட்டி சரியானால் வருகிற நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, பிரதீப் மாரியம்மனுக்குப் பூவோடு எடுப்பான், எரிகிற சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றுவான் என்று தானே வேண்டிக்கொண்டான். பரீட்சை நாளில் மட்டும் சாமி கும்பிடுகிறவன், மஞ்சள் துணியில் காசு முடிந்து அவள் கையில் கொடுத்தான். நாச்சம்மாளின் முகம் இளகியது, முட்டி சரியானால் ஆடட்டும் என்றாள்.

முட்டி சரியானது. வைத்தியமோ, சும்மா கிடந்ததோ, மாரியாத்தாளோ, ஐப்பசியில் பிரதீப் கன்றுக்குட்டி மாதிரி ஓடினான். சித்தூர்ப் பையன்களோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டான். அதைப் பார்த்த தெம்பில் கந்தப்பனே ஒரு பந்தைக் கண் திறந்து பிடித்தான். அன்றைக்கு மோகனசுந்தரம் தானாகவே டீக்கடைக்குப் போய், இந்த வருசம் பாருங்க என்று குப்பண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தான். சொல்லியிருக்கக் கூடாது.

பிரதீப்பின் ஊரில் நோம்பி சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவன் விரதமிருந்து காப்புக் கட்டிக்கொண்டான். முதல் சுற்று ஆட்டம் மாதக் கடைசியில்தானே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மறுநாள் தகவல் வந்தது. ஆட்டத்தை முன்னால் இழுத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமையே திருச்சூரில். பூவோடு அதற்கடுத்த புதன்கிழமை.

காப்புக் கட்டியவன் நோம்பி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இது மோகனசுந்தரத்துக்குத் தெரியாததல்ல. அவனும் அந்தப் பக்கத்து மண்தான். ஷிஜு சார் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு மன்றாடினார். ஹர்த்தால், கடையடைப்பு என்றால் தள்ளிவைக்கலாம், நோம்பிக்கெல்லாம் தள்ளிவைக்க வழியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மோகனசுந்தரம் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஊர் எல்லையில் வாய்க்கால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம், கையில் பூட்ஸோடு பிரதீப் நின்றிருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நாச்சம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இதை அறுத்து வாய்க்கால்ல போட்டுட்டு வண்டில ஏறிக்கறேன்."

மோகனசுந்தரம் நாச்சம்மாளைப் பார்த்தான். அவள் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அப்படித் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேண்டுனது நீ கண்ணு. நீயே சொல்லு," என்றாள்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஏறுடா என்றால் ஏறிவிடுவான். ஆனால் திருச்சூரில் அந்த முட்டி மறுபடி மடங்கினால், இந்த அம்மாளின் முகத்தில் எப்படி விழிப்பது? அவனுக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, பயம் நிறையவே இருந்தது. அழுகையும் வந்தது.

"வேண்டாம்டா. நீ பூவோட்டை எடு."

பிரதீப் பாலத்தைத் தாண்டாமல், அந்த ஓரத்திலிருந்தே கையை நீட்டிப் பூட்ஸைக் கொடுத்தான்.

பஸ் ஸ்டாண்டில் பையன்கள் பைகளோடு காத்திருந்தார்கள். கேப்டன் தனியாக வந்து இறங்கியதைப் பார்த்ததும் கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிரதீப்பின் பூட்ஸ் யார் காலுக்கும் சேரவில்லை. டீக்கடையிலிருந்து குப்பண்ணன் எட்டிப் பார்த்தார். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை.

"பிரதீப்பு வல்லீங்களா? காலு இன்னும் சரியாகலீங்களா?"

"காலு நல்லாயிருச்சுங்க," என்றான் மோகனசுந்தரம். "அதத்தானுங்க வேண்டுனேன். செயிக்கோணும்னு வேண்டவே இல்லீங்க."

பாலக்காட்டுப் பஸ் வந்து நின்றது, ஏறிக்கொண்டார்கள்.