காகம் கொடுத்த இரும்புப் பல்

கோர்னா ஸ்லிவாவில் சர்க்கரை விலை கிலோவுக்கு இருபது ஸ்தோதிங்கிக் காசு ஏறிய அதே வாரத்தில், காகங்கள் பிள்ளைகளின் பற்களைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. பல்கேரியாவின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும், விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து, "காக்கா காக்கா, எலும்புப் பல்லை எடுத்துக்கோ, இரும்புப் பல்லைக் குடு" என்று பிள்ளைகள் கத்துவார்கள். மறுநாள் பல் இருக்காது. யாரும் தேடியதும் இல்லை. இப்போதோ சொத்தை விழுந்தவற்றை மட்டும் காகங்கள் பொறுக்கியெடுத்து, பல் டாக்டர் நெதல்காவின் முற்றத்தில் கொண்டுவந்து போட்டன. காலையில் அவள் கதவைத் திறந்தால் கறுத்த பற்கள் கோழித் தீனி போல இறைந்து கிடக்கும்.

இனியாவது ஊருக்கு வெட்கம் வரும் என்று நெதல்கா நினைத்தாள். யாருக்கும் வரவில்லை. "முன்னல்லாம் குடுத்தத வாங்கிட்டுப் போகும். இப்ப கொழுப்பு ஏறிப்போயி தரம் பாக்குது" என்றார் ரொட்டிக்கடை ஸ்லாவி. பால் பல்லுக்கு வைத்தியம் பார்ப்பது அந்த ஊரில் விழப்போகிற சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி. அவள் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னாள். ஆனால் வந்தவர்களுக்கு முதலில் ஒரு கரண்டி ரோஜா ஜாம் கொடுப்பது வழக்கம். மறுத்தால் அந்த வீட்டோடு உறவு முறிந்த மாதிரி. ஆகவே அவள் வாய் நிறைய ஜாமை வைத்துக்கொண்டே, பிள்ளைகளுக்கு இனிப்பைக் குறையுங்கள், இரவில் பல் தேய்க்காமல் தூங்க விடாதீர்கள் என்று சொல்லவேண்டியிருந்தது. பக்கத்தில் பிள்ளைகள் கரண்டியை நக்கிக்கொண்டு நிற்பார்கள். செவிடன் காதில் சங்கு ஊதியே அவளுக்குத் தொண்டை வறண்டது.

அவளைக் கொன்று தின்றது தம்பி மகள் கலீனாவின் கடைவாய்ப் பல். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலேயே, ஓசையில்லாமல் முளைக்கிற நான்கு பற்களில் ஒன்று அது. அதுதான் கிழவியாகும்வரை மெல்லவேண்டிய பல். அதில் கடுகளவு கறுப்பு தெரிந்த அன்றே அடைக்கலாம் என்று கெஞ்சினாள்.

"அக்கா, நீ படிச்சவதான், இல்லைங்கல" என்றான் தம்பி ஸ்தாமென். "ஆனா காக்காவுக்கு நாம ஒண்ணும் குடுக்கல. குடுக்காம எப்படி நெலச்ச பல்லு வரும்? இது பால் பல்லுதான். விழுந்துரும்."

"டேய், அது விழாதுடா! விழுந்தா வேற முளைக்காதுடா!"

"சரி சரி, கத்தாத. ஜாம் சாப்பிடு."

பனிக்காலத்தில் கலீனாவின் கன்னம் வீங்கி, கண் மூடிக்கொண்டது. அடைக்கும் கட்டம் தாண்டிவிட்டது. நெதல்காவே அதைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது அழுதது அவள்தான், குழந்தை இல்லை. தம்பி அந்தப் பல்லை வாங்கிக்கொண்டுபோய்க் கூரைமேல் எறிந்தான். சொத்தைப் பல்லாக இருந்தும் காகம் அதை எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை ஜன்னல் வழியாக வந்து, கலீனாவின் வாயில் காலியான இடத்தில் ஓர் இரும்புப் பல்லை வைத்துவிட்டுப் போனது. பல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மதியம் அவள் வால்நட்டை ஓட்டோடு கடித்தாள்.

ஊர் நெதல்காவைப் பார்த்துச் சிரித்தது. இனிப் பல் தேய்ப்பானேன், காகம் இருக்கிறதே என்றார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுடைய நாற்காலியில் பூனைதான் தூங்கியது. ஆத்திரத்தில் அவள் காகங்களைத் திட்டினாள், ஒரு நாள் செருப்பையும் எறிந்தாள். காகங்கள் அதையும் திருப்பிக் கொடுத்தன.

வசந்தத்தில் இரும்புப் பல் துருப்பிடித்தது. தலையணை உறையில் செம்மண் நிறக் கறை. சூப்பெல்லாம் ஆணி வாசம். ஜாம் தின்ற அன்று துரு இரண்டு மடங்கு ஏறுவதை ஸ்தாமெனின் மனைவி பென்கா கண்டுபிடித்தாள். பெண்பிள்ளை வாயில் துருவா என்று பதறி, ஜாம் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினாள். காலையும் இரவும் மகளை மடியில் சாய்த்து, பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துவிட்டாள்.

அடுத்த வருடம் பென்கா மகளைத் தானாகவே கூட்டிக்கொண்டு வந்தாள். பூனையை இறக்கிவிட்டு, நெதல்கா வாய்க்குள் பார்த்தாள். இரும்பு பளபளத்தது. மிச்சம் இருந்த மூன்று கடைவாய்ப் பற்களிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

"துரு இருக்கா அண்ணி?" என்றாள் பென்கா. "ஒரு வேளகூட விடாமத் தேய்க்கிறேன்."

பன்னிரண்டு வருடமாக நான் சொன்னதும் இதைத்தானேடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது நெதல்காவுக்கு. கலீனா வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் பல் பள்ளங்களில் சொத்தை விழாமல் மூடிப் பூசும் மருந்து, வாங்க ஆளில்லாமல் அலமாரியில் கிடந்தது. நெதல்கா அதை எடுத்துத் திறந்தாள்.

"இல்ல பென்கா. ஆனா வந்தா பக்கத்துப் பல்லுக்கும் பரவிடும். அதுக்குத்தான் இந்தத் துரு பெயிண்ட்."

"ஐயோ, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றாள் பென்கா.

நெதல்கா மூன்று பற்களுக்கும் பூசினாள். மறுநாள் காலை அவள் கதவைத் திறந்தபோது முற்றத்தில் ஒரு பல்லும் இல்லை. துரு பரவுமென்று பென்கா சொல்லக் கேட்டு, துரு பெயிண்ட் அடிக்கப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரே நின்றது.