மூடிய பள்ளத்தாக்கு

எரிமலை வெடித்த ஒன்பதாம் நாள் காலை, ஸ்டெய்ன்தோர் மலையடிவாரத்தில் நின்று காற்றைப் பார்த்தார். வடக்குக் காற்று, சீராக அடித்தது. புகையைக் கடல் பக்கம் தள்ளிவிடும். பள்ளத்தாக்கில் விஷவாயு தேங்காது. அந்த வழியில் ஒன்றேகால் மணி நேரத்தில் தீக்குழம்பைப் பார்த்துவிடலாம்.

தீக்குழம்பைப் பார்க்க வரும் ஜனங்களுக்கு அன்றன்று எந்தப் பாதை பாதுகாப்பானது என்று மீட்புப் படைக்காக முடிவு செய்கிறவர் அவர்தான். ஆனாலும் பலகையில் இப்படி எழுதினார்: 'பள்ளத்தாக்குப் பாதை மூடப்பட்டது. முகட்டுப் பாதை மட்டும்.' முகட்டு வழியில் ஏறவே மூன்று மணி நேரம்.

இருபது வருடமாக ஊரே நம்பிய மனிதர். மனிதருக்கு அன்றைக்குப் புத்தி கெட்டுத்தான் போயிருந்தது.

காரணம் மகள் சால்வோர். பெற்றோரின் விவாகரத்துக்குப் பிறகு அம்மாவோடு கோபன்ஹேகன் போனவள். அமெரிக்கா போகிற வழியில் இங்கே விமானம் மாறுகிறாள். தீக்குழம்பைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றிருந்தாள். மாலை ஆறு மணிக்கு அடுத்த விமானம். ஐந்து வருடமாக அவர் தனியாகத்தான் சாப்பிடுகிறார். சில நாள் சாயங்காலம் வரை வாயே திறப்பதில்லை. பள்ளத்தாக்கு வழியாகக் கூட்டிப்போனால் மதியத்துக்குள் கிளம்பிவிடுவாள்.

முகட்டில் ஏறும்போது அவள் நிறையப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரனின் குறட்டை, புது வேலை, பிரிந்துபோன காதலன். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு பாதைகளும் சேரும் மேட்டில் உட்கார்ந்து, உலர்ந்த மீனில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்கள். கீழே தீக்குழம்பு கொதித்தது. அப்போது அவருடைய வயர்லெஸ் கரகரத்தது. அடிவாரத்தில் காவலுக்கு நின்ற ஹில்துர்.

"ஏன்யா, காத்து ஜம்முனு அடிக்குது, பள்ளத்தாக்க எதுக்கு மூடுன? ஜனங்க என்னைப் பிச்சு எடுக்குறாங்க. ஒருத்தன் கைக்குழந்தையத் தூக்கிட்டு உன் முகட்டுல ஏறக் கிளம்பிட்டான்!"

அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். "அவன நிறுத்து. பாதையத் திறந்துடு. தப்பு என்னோடதுதான்."

சால்வோர் மெல்லுவதை நிறுத்தினாள். "எனக்காகவாப்பா மூடுன?"

"கொஞ்ச நேரம் கூட இருப்பியேன்னு."

"ஒரு நாள் தங்கிட்டுப் போடின்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா தங்கியிருப்பியா?"

அவள் தீக்குழம்பையே பார்த்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், காசா பணமா. ஆனால் அவளும் அவரைப் போலத்தான், பொய் சொன்னால் மனசு தாங்காது.

"மாட்டேன்பா."

அவர் மிச்ச மீனைக் காகிதத்தில் சுற்றினார். ரொம்ப நேரம் சுற்றினார். அவள் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைக் கொன்றது.

"அப்பா, எறங்குறப்போ பள்ளத்தாக்கு வழியா போயிடலாமா? இப்பதான் தெறந்துட்டாங்களே."

ஸ்டெய்ன்தோர் முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தார். வடக்குக் காற்று, கொஞ்சமும் மாறவில்லை.

"போலாம்மா," என்றார். "பாதுகாப்பாத்தான் இருக்கு."