கலைமணி, வயது 14

ஜப்பானுக்குப் படிப்புப் பயணம் போக எங்கள் பள்ளியிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். செலவில் பாதியை நாங்களே போட வேண்டும். மிளகு விற்ற காசு பத்தவில்லை. போன வாரம் மலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போய்ப் பெரியப்பாவிடம் கேட்டேன். "கையில அம்பது ரூவா கூட இல்ல கண்ணு" என்றார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அதனால் உதவி கேட்டு போஸ்டர் அடித்தேன். கலருக்குக் காசு அதிகம் என்று கருப்பு வெள்ளையிலேயே அடித்து, அடிவாரம் வரைக்கும் பஸ் நிற்கும் இடமெல்லாம் ஒட்டினேன். மேலே என் போட்டோ. அதன்கீழே பெரிய எழுத்தில் என் பெயரும் வயதும். ஜப்பான் விஷயமெல்லாம் அடியில் பொடி எழுத்தில்.

மறுநாள் மரவள்ளிக் காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் வேன் நிற்கிறது. இருபது பேர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். அம்மா ஒன்றும் புரியாமல் நிற்கிறாள். முன்னால் பெரியப்பா, ஆள் உயர ரோஜா மாலையோடு.

என்னைப் பார்த்ததும் அழுகை அப்படியே நின்றது.

"பஸ்ல போகையில போஸ்டரப் பார்த்தேன் சாமி. போன் போட்டா டவர் கெடைக்கல. நீ செத்துட்டீன்னு..." என்று இழுத்தார் பெரியப்பா.

என் சாவுக்கு வந்த மாலையை நானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"மாலை எவ்வளவுங்க பெரியப்பா?"

"ரெண்டாயிரம்" என்று திகைப்பில் சொல்லிவிட்டார்.

"கடைக்காரர் திருப்பி எடுத்துக்குவாருங்களா?" என்று கேட்டேன்.